கிளைக்கு ஒரு நொடி

லேமிங்டன் ரோட்டில் இரண்டு மோட்டார் வாங்கினேன்,
செத்துப்போன பிரின்டரிலிருந்து கழற்றியவை,
ஒன்று கொஞ்சம் திக்கும்.
ஆண்டாப் ஹில் அறையில்
கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே
செய்தித்தாள் விரிக்கிற அளவு இடத்தில்
ஒரு கையைக் கட்டி எழுப்பினேன்.
நீலப் பேனாவைப் பிடித்துக்கொள்ளும்,
சொன்னதைக் கேட்கும்.

சொல்வது அதிகமில்லை.
ஒரு கோடு போடு.
நுனியில் இடப்பக்கம் கொஞ்சம் திரும்பி
இதையே சிறிதாகச் செய்.
திரும்பி வந்து வலப்பக்கமும் செய்.
‘இதையே’ என்கிற ஒரு சொல்லுக்குள்
மொத்த மரமும் மடித்து வைத்திருக்கிறது.

விதி என்று போனில் சொன்னால்
அம்மா பெருமூச்சு விடுகிறாள்.
அந்த விதி இல்லைம்மா.
முப்பத்துநாலு வயசுல வேற எந்த விதி, என்கிறாள்.

கோணம் பதினைந்து என்றால் விளக்குமாறு.
முப்பது என்றால் யாரும் வெட்டாத ஒரு தூங்குமூஞ்சி.
தொண்ணூறு கொடுத்தால் மரமே இல்லை,
முனிசிபாலிட்டிக் குழாய் வரைபடம்.
ஜூலையில் காகிதம் ஈரம் குடித்து உப்புகிறது,
மை கசிந்து கிளைகளில் ரோமம் முளைக்கிறது.
அதை நான் எழுதவில்லை.
அறைத்தோழி தர்ஷனா காம்ப்ளிக்குப் பிடித்தது
அது மட்டும்தான்.

பகலில் பரேலில், ஸ்கேன் அறையில் வேலை.
திரையில் பிறத்தியார் மூச்சுக்குழாய்கள்
தலைகீழாக வளர்ந்து நிற்கும்.
ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி,
இருபத்துமூன்று தடவை என்று படித்திருக்கிறேன்,
திரை ஏழெட்டு வரைதான் காட்டும்.
நாமும் இருபத்துமூன்று போட்டால் என்ன
என்று டப்பாவாலா கவரின் பின்பக்கம் கணக்குப் பார்த்தேன்:
எண்பத்துமூன்று லட்சத்துச் சொச்சம் நுனிகள்.
கிளைக்கு ஒரு நொடி என்றாலும்
கடைசி வரிசைக்கு மட்டும் தொண்ணூற்றேழு நாள்.
மழை விட்டு, பிள்ளையார் கடலுக்குப் போய்
தசராவும் தாண்டியிருக்கும்,
பேனா இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்.

பதினொன்றில் நிறுத்திக்கொள் என்று எழுதினேன்.
எழுதினேன் என்றுதான் நினைத்தேன்.

அந்த ஒரு வரி விட்டுப்போயிற்று.
தூங்கிவிட்டேன்.
கை, இடப்பக்கம் திரும்பியது.
அதன் நுனியில் இடப்பக்கம்.
அதன் நுனியிலும் இடப்பக்கம்.
நத்தை ஓடுபோல் சுருண்டு சுருண்டு
ஒரு கடுகில் போய்ச் சேர்ந்து
அங்கேயே குத்திக்கொண்டு நின்றது.
வலப்பக்கத்துக்கு முறை வரவேயில்லை.
விடிந்தபோது காகிதத்தில் ஓட்டை,
அடியில் அட்டையில் ஓட்டை,
தரையில் ஒரு நீலப் பொட்டு.

இத்தனைக்கும் நாளைக்கு அறுபது தடவை
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து
மைக்கில் சொல்கிறவள் நான்:
சாஸ் ரோகோ. மூச்சை நிறுத்துங்கள்.
பிறகு, ச்சோடோ. விடுங்கள்.

அன்று முதல் ஆள் மதுகர் கோர்படே,
பூண்டு மொத்த வியாபாரி, அறுபத்திரண்டு.
ரோகோ என்றேன். நிறுத்தினார்.
எனக்குள் அந்த ஓட்டை ஓடிக்கொண்டிருந்தது,
முறை வராத வலப்பக்கம்.
எந்த வரிக்குக் கீழே அதைச் செருகுவது?
படம் வந்துவிட்டது. சேமித்தும் ஆயிற்று.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
கன்னம் உப்பி, கட்டைவிரல் சுருங்கி
மனுஷன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்,
நான் சொல்வேன் என்று.

ச்சோடோ, ச்சோடோ!
மைக் கிறீச்சிட்டது.
விட்டார்.
படுத்தபடியே கையைத் தூக்கி
மேடம், இன்னொரு தரம் வேணுமா, என்று மராத்தியில் கேட்டார்.
வேண்டாம் காகா. நன்றாக வந்திருக்கிறது.

ஓட்டைத் தாளை ஜன்னலில் ஒட்டியிருக்கிறேன்.
தர்ஷனா ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு
வடாலா வண்டி லேட், என்கிறாள்.
இன்றைக்கு ஏழோடு போதும் என்று சொல்லியிருக்கிறேன்.
இரண்டு முறை சரிபார்த்தாயிற்று.
நூற்றிருபத்தெட்டு நுனி,
குக்கர் அடங்குவதற்குள் முடிந்துவிடும்.